கை விறைக்குது

பவளராணி அந்த விளையாட்டுக்குத் தன்பாட்டில் ஒரு பெயர் வைத்திருந்தாள்: முட்டுப்பந்து. அது அமெரிக்கன் ஃபுட்போல் என்று மகன் எத்தனையோ தரம் திருத்திப் பார்த்துவிட்டான். அவள் மாறுவதாக இல்லை. இரண்டு பக்கமும் கிடாய்கள் மாதிரிக் குனிந்து நின்று, ஒருவன் கத்தியதும் எல்லாரும் ஒன்றாக முட்டிக்கொள்கிற காரியத்துக்கு இதைவிடப் பொருத்தமாக யாரால் பெயர் வைக்க முடியும்? அதிலும் அவளுடைய மகன் ஸ்ரிபன், முட்டுவதற்கென்றே வைத்திருக்கிற ஆள். எதிர்ப்பக்கத்தில் எவன் பந்தை அணைத்துக்கொண்டு ஓடி வருகிறானோ, அவனுக்கு எதிரே பாய்ந்து மோதி விழுத்த வேண்டும். பாலும் முட்டையும் தீத்தி வளர்த்து, டென்மார்க்கில் இந்தச் சில்க்போர்க் நகரத்தில் நல்ல பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்த்தது இதற்குத்தானா என்று அவள் கேட்காத நாளில்லை.

கேட்டாளே தவிர, ஒரு மட்ச்சைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தபடியால் வேலை என்று சொன்னாள். அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் சனி ஞாயிறுக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. எல்லாரும் நம்பினார்கள். கணவர் ஸ்ரனிஸ்லாஸ்தான் ஒன்றையும் தவறவிடாமல் போய்ப் பார்ப்பவர். பூசை முடிந்து வெளியே வந்ததும் யாராவது ஒருவரைப் பிடித்து நிறுத்திவைத்து, மகன் போன கிழமை யாரை எப்படி விழுத்தினான் என்று கையால் செய்து காட்டுவார். மகன் ஜெர்மனிக்குப் போய்ச் சம்பளத்துக்கு விளையாடப்போகிறான் என்பதைச் சபைக்கு அறிவித்தவரும் அவர்தான். அப்போது ஜெர்மன்காரன் யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

இப்போது சொல்லியிருந்தான். ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமை மட்ச்சுக்கு ஜெர்மனியில் ஒரு தொழில்முறைக் கிளப்பிலிருந்து ஆள் வருகிறான், ஸ்ரிபனைப் பார்க்கவே வருகிறான், கடைசிவரை நின்று ஒழுங்காக விளையாடினால் கையோடு ஒப்பந்தம் என்று பேச்சு. அன்றைக்குப் பார்த்து ஸ்ரனிஸ்லாஸுக்குத் தொழிற்சாலையில் மாற்ற முடியாத வேலைமுறை. வீட்டிலிருந்து ஒருவரும் போகாமல் விடுவதா என்று மூத்தவள் அஜந்தினி தாயைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் வந்தாள்.

வரும்போது காரில் வைத்தே மகள் ஒன்றை ஞாபகப்படுத்தினாள். என்ன நடந்தாலும் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே கால் வைக்கக் கூடாது. அதற்கு ஒரு கதை இருந்தது. ஸ்ரிபன் சின்ன வகுப்பில் ஹான்போல் என்கிற கைப்பந்து விளையாடிய காலத்தில் ஒருநாள் தடுக்கி விழுந்தான். பவளராணி தண்ணீர்ப் போத்தலோடு உள்ளே ஓடி, அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். முழு வகுப்பும் சிரித்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் முடியும்வரை அவனுக்கு இடுப்புக்குழந்தை என்பதே பட்டப்பெயராகிவிட்டது. அன்றிலிருந்து அவன் தாயை நாலு பேருக்கு முன்னால் தொடவிட்டதில்லை; நாலு பேருக்கு முன்னால் தமிழில் கதைத்ததும் இல்லை. "மோர்" என்றுதான் கூப்பிடுவான். டேனிஷில் அது அம்மா. பவளராணியின் காதில் அது இத்தனை வருடம் கழித்தும் தண்ணீர் கலந்த மோராகவே விழுந்தது.

மைதானம் ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. வெயில் அடித்தது, ஆனால் தண்ணீர்ப் பக்கமிருந்து வந்த காற்று சட்டைக்குள் புகுந்து எலும்பைத் தேடியது. பவளராணி தொப்பி, சால்வை, கம்பளிக் கையுறை என்று பனிக்காலத்துக்கு வந்தவள்போல உட்கார்ந்தாள். இருக்கைகளின் ஓரத்தில், சக்கரநாற்காலிகளுக்கு விட்டிருந்த இடத்தில் ராஸ்மஸ் இருந்தான்.

அவனை அவளுக்குத் தெரியும். போன வருடம்வரை இந்த அணியின் தலைவன். வீட்டுக்கு வந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று வெட்கமில்லாமல் கேட்ட பிள்ளை. போன ஓகஸ்டில், இதே புல்லில், ஒருவனை விழுத்தப்போய்த் தலை குனிந்தபடி மோதினான். மோதினவன் அப்படியே விழுந்தான். கழுத்து முறிந்துவிட்டது. இப்போது தாடையால் ஒரு சின்னக் கம்பியை அசைத்து நாற்காலியை ஓட்டுகிறான். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. யாரோ எடுத்து அங்கே வைத்துவிட்டுப் போனதுபோலக் கிடந்தன. அவன் சிரித்து வணக்கம் சொன்னான். பவளராணியும் சொன்னாள். அந்தக் கைகளைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து, பார்த்துவிட்டு, மாதாவே என்று கும்பிட்டுக்கொண்டாள்.

மட்ச் தொடங்கியது. டிவியில் பார்ப்பது வேறு, கிட்ட இருந்து கேட்பது வேறு என்பது அவளுக்கு முதல் மோதலிலேயே விளங்கிவிட்டது. சத்தம்தான் அவளைக் கொன்றது. கட்டில் ஒன்று மாடியிலிருந்து விழுகிற சத்தம். பிறகு இன்னொரு கட்டில். பக்கத்தில் இருந்தவர்கள் அதற்குக் கைதட்டினார்கள். தங்கள் அணியிடம் பந்து இருக்கிற நேரம் ஸ்ரிபன் வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பான், பந்து மற்றவர்களிடம் போனால்தான் உள்ளே வருவான் என்று அஜந்தினி சொல்லிக் கொடுத்தாள். அது தெரிந்த பிறகு பவளராணி தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாகச் சில்க்போர்க் அணி வெல்ல வேண்டுமென்று மனமார விரும்பினாள். பந்தை விடாமல் இவர்களே வைத்துக்கொண்டிருக்கட்டும், பிள்ளை வாங்கிலேயே இருக்கட்டும்.

பாதி நேரத்துக்குச் சற்று முன்பு அது நடந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரு பெரிய ஆள், மாடு மாதிரி, பந்தோடு வந்தான். ஸ்ரிபன் பாய்ந்தான். தலையும் தலையும் மோதிக்கொண்டதை அவள் பார்த்தாள். இரண்டு பேரும் விழுந்தார்கள். பெரியவன் எழும்பினான். ஸ்ரிபன் எழும்பவில்லை.

எழும்படா, எழும்படா என்று பவளராணி வாய்க்குள் சொன்னாள். கால் தானாக எழும்பப் பார்த்தது. அஜந்தினி கையைப் பிடித்து இருத்தினாள். பிசியோதெரபிஸ்ட் லோனே, குதிரைவால் போட்ட ஒரு நெட்டையான பெண், உள்ளே ஓடிப்போய் அவன் பக்கத்தில் முழங்காலில் இருந்து ஏதோ கேட்டாள். அவன் ஏதோ சொன்னான். பிறகு தானாகவே எழும்பினான். சனம் கைதட்டியது. கையில் ஈரம் பட்டவன் உதறுவதுபோல இரண்டு கைகளையும் உதறிக்கொண்டே வாங்குக்குப் போனான். பார்த்தீங்களா, ஒன்றுமில்லை என்றாள் மகள். பவளராணி அதை நம்பினாள். நம்ப ஆசையாக இருந்தது.

பாதி நேரத்தில் விளையாட்டுக்காரர்கள் உடை மாற்றும் அறைக்குப் போகும் வழியில் கம்பி வேலியோரமாகச் சொந்தக்காரர் நிற்கலாம். பவளராணி தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடு போய் நின்றாள். ஸ்ரிபன் அவளைக் கண்டுவிட்டு, கூட்டாளிகள் பக்கத்தில் நிற்க, அவர்களை விட்டு வேலியருகே வந்தான். முகம் சிவந்து, வியர்வை ஒழுகியது. கம்பிக்கு மேலால் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"அம்மா, கை ரெண்டும் விறைக்குது" என்றான்.

தமிழில் சொன்னான். மோர் என்று சொல்லாமல் அம்மா என்று சொன்னான். அதுவும் டேனிஷ் பெடியன்கள் காதுபடச் சொன்னான். பவளராணியின் நெஞ்சு நிறைந்து போயிற்று. விறைக்குது என்ற அந்தச் சொல்லை அவள் எவ்வளவு காலமாகக் கேட்கவில்லை. பனி கொட்டுகிற நாட்களில் பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்று அவன் சொல்கிற சொல். அவனிடம் மிச்சமிருக்கிற கொஞ்சத் தமிழில் அதுவும் ஒன்று என்று அவளுக்குத் தெரியாது.

"குளிர்தானே ராசா, காத்து அப்பிடி" என்று சொல்லி, கையுறையைக் கழற்றிவிட்டு அவனுடைய கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். வாயால் சூடு ஊதினாள். அவன் இழுக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் தாய் கையைப் பிடித்துத் தேய்க்க, குழந்தை மாதிரி நின்றான். பயப்பட வேண்டியது அந்த இடத்தில்தான். அவள் பூரித்துப்போய் நின்றாள். அவன் இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குத் தமிழ் கிடைக்கவில்லை போலும். அதற்குள் கோச்சின் விசில் கேட்டது. தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

திரும்பி வந்து அஜந்தினியிடம் அவள் சொன்னதெல்லாம், தம்பி தமிழில் கதைத்தான் என்பதைத்தான்.

இரண்டாம் பாதி தொடங்கியபோது ராஸ்மஸ் நாற்காலியை அவர்கள் பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். ஸ்ரிபன் வேலியில் என்ன சொன்னான் என்று கேட்டான். கேட்ட விதம் சாதாரணமாகத்தான் இருந்தது. பவளராணி பெருமையோடு சொன்னாள்: பாவம், அவனுக்குக் கை குளிர்கிறதாம், தேய்த்துவிட்டேன்.

ராஸ்மஸ் மைதானத்தைப் பார்த்தபடி இருந்துவிட்டு, அந்தச் சட்டைக்குள்ளும் தோள்கவசத்துக்குள்ளும் ஒருவனுக்கும் குளிராது என்றான். தை மாதப் பயிற்சியிலேயே வேர்த்துக் கொட்டும். பிறகு, கையை உதறினானே, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டான். தானும் அப்படித்தான் உதறினேன் என்றான். தான் விழுவதற்கு முந்தின கிழமையே தனக்குக் கைகளில் உணர்வு போய்ப் போய் வந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாங்கில் இருத்திவிடுவார்கள். ஒரு கை மரத்துப்போவது இந்த விளையாட்டில் அடிக்கடி நடக்கிறது, தோள் நரம்பு இழுபட்டால் வரும், போய்விடும். இரண்டு கையும் ஒன்றாக மரத்தால் அது தோள் அல்ல, கழுத்து. இது பிறகு ஆஸ்பத்திரியில்தான் தனக்குத் தெரியவந்தது என்றான்.

பவளராணி தன் கைகளைப் பார்த்தாள். கையுறை இல்லாமல் விரல்கள் நீலம் பாரித்துக் கிடந்தன. குளிர்ந்தது இந்தக் கைதான். வேலியடியில் அவள் பிடித்தபோது மகனுடைய கை சூடாக இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கின சட்டியைப்போலச் சூடாக இருந்தது. அவள் அவனுக்குச் சூடேற்றவில்லை, அவன்தான் அவளுக்குச் சூடேற்றியிருக்கிறான். அது தெரிந்தும் தெரியாமல், அவன் வாயில் வந்த ஒரு தமிழ்ச் சொல்லில் மயங்கிப்போய் நின்றிருக்கிறாள்.

விறைக்குது. குளிரில் விறைக்கும். உணர்வு செத்தாலும் விறைக்கும். ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இரண்டில் எது என்று ஊரில் ஒரு தாய் கேட்டிருப்பாள். இவள் கேட்கவில்லை. டென்மார்க்கில் பிறந்த பிள்ளைக்கு விறைக்கிறதென்றால் குளிர் என்று இவளே ஏதோ அகராதி எழுதி வைத்திருந்தாள்.

மகன் எங்கே என்று தேடினாள். நல்லகாலம், வாங்கில் இருந்தான். பந்து இவர்களிடம் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். மூடி திரும்பவில்லை. பல்லால் கடித்துத் திறந்தான்.

பந்து எவ்வளவு நேரத்துக்கு இவர்களிடம் நிற்கும் என்று மகளைக் கேட்டாள். அது யாருக்கும் தெரியாது, அடுத்த நிமிஷமே போனாலும் போகும் என்றாள் அஜந்தினி. பவளராணி எழும்பினாள். மகள் சால்வையைப் பிடித்தாள். சால்வை மகளின் கையோடு போயிற்று. வேலிக் கதவில் நின்ற இளைஞன் மறித்தான். அவள் அவனுடைய கைக்குக் கீழால் குனிந்து உள்ளே போனாள். வெள்ளைக் கோடு எங்கே இருந்தது, எப்போது தாண்டினாள் என்று பிறகு கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திராது.

லோனேயைப் பிடித்தாள். டேனிஷ் மூச்சுக்கு மூச்சு தடுக்கியது. முதியோர் இல்லத்தில் நாளாந்தம் சொல்லுகிற சொற்கள், நேற்றும் சொன்ன சொற்கள், ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. என் மகனுக்குக் கை இல்லை என்றாள். பிறகு, இருக்கிறது, ஆனால் தெரியவில்லை, அவனுக்கு அவனுடைய கை தெரியவில்லை, இரண்டும் என்றாள். லோனே அவளுடைய தோளில் கைவைத்து மெல்லச் சொல்லும்படி கேட்டாள். பிறகு ஸ்ரிபன் பக்கம் திரும்பி, உண்மையா, கைகள் மரத்துப்போனதா என்று நேரே கேட்டாள்.

ஸ்ரிபன் தாயைப் பார்த்தான். கோபத்தைத்தான் அவள் எதிர்பார்த்தாள். அவன் சிரித்தான். நல்ல பிள்ளைச் சிரிப்பு. அம்மா பிழையாக விளங்கிக்கொண்டார் என்று டேனிஷில் சொன்னான். தான் தமிழில் குளிர்கிறது என்றுதான் சொன்னேன், அந்தச் சொல்லுக்குக் குளிர் என்றுதான் அர்த்தம், வேண்டுமென்றால் அவரையே கேளுங்கள் என்றான்.

பவளராணி திகைத்து நின்றாள். அவள் விட்ட பிழையை அவன் அப்படியே எடுத்துத் தன் பொய்யாக்கிக்கொண்டான். லோனே அவளிடம், அந்தச் சொல்லுக்குக் குளிர் என்று அர்த்தம் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றால் பிள்ளை உள்ளே போவான். இல்லை என்றால் அது பொய். "உண்டு, ஆனால்" என்று தொடங்கினாள். பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்த அஜந்தினியையும் லோனே கேட்டாள். அஜந்தினிக்கும் அந்தச் சொல்லை வாசலில் பனியோடு நின்ற காலத்தில்தான் தெரியும். ஓம், குளிர்கிறது என்பதற்கு அப்படிச் சொல்வோம் என்றாள் அவள், அப்பாவியாக. இரண்டு சாட்சி ஆகிவிட்டது.

லோனேயின் முகத்தில் இரக்கம் வந்தது. மகன்மாரின் மட்ச்சுக்கு முதல் தடவையாக வருகிற தாய்மார் எத்தனை பேரை அவள் பார்த்திருப்பாள். விழுந்தபோது தான் கேட்டதாகவும், கழுத்து நோகவில்லை, கைகளில் ஒன்றுமில்லை என்று அவனே சொன்னதாகவும் ஆறுதலாக எடுத்துச் சொன்னாள். அந்த ஆறுதல் பவளராணிக்குச் சாவு சொல்லும் ஓலைபோலக் கேட்டது. இந்தப் பொம்பிளை நல்லவள். இவள் ராஸ்மஸிடமும் கேட்டிருப்பாள். அவனும் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பான்.

சனம் ஓவென்று கத்தியது. பந்து போய்விட்டது.

வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் எழும்பினார்கள். அமெரிக்கக்காரக் கோச் ஸ்ரிபனின் பெயரைச் சொல்லிக் கத்தினான். ஸ்ரிபன் எழும்பி ஹெல்மெட்டுக்குக் கை நீட்டினான். கை போய் ஹெல்மெட்டில் பட்டது. ஆனால் விரல்கள் பிடிக்கவில்லை. அது உருண்டது. அவன் இரண்டாம் தரம் குனிவதற்குள் பவளராணி அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். பாரமான சாமான். வியர்வை நாறியது.

ஹெல்மெட் இல்லாமல் ஒருவனை உள்ளே விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்த ஒரே சட்டம். கோச் அவளிடம் இங்கிலிஷில் கத்தினான். அவள் ஹெல்மெட்டுக்குள் தாடையைப் புதைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். ஸ்ரிபனுக்குப் பதிலாக இன்னொருவன் உள்ளே ஓடினான். பக்கத்தில் நின்ற பெடியன்கள் சிரித்தார்கள். தூரத்தில், கறுப்பு ஜாக்கெட் போட்டுத் தனியாக நின்ற ஒருவன் இவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன்தான் அந்த ஜெர்மன்காரனாக இருக்க வேண்டும்.

ஸ்ரிபன் அவளுக்கு முன்னால் குனிந்தான். முகம் வெளிறியிருந்தது. திரும்பவும் ஹான்போலா என்று டேனிஷில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். இதற்காகத் தான் எவ்வளவு பாடுபட்டேன் என்று தெரியுமா, அந்த ஆள் பார்த்துக்கொண்டு நிற்கிறான், இன்றைக்குத் தன்னை நாசமாக்கினால் இனி வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்றான். அவன் சொன்னதைச் செய்பவன். பவளராணிக்கு அது தெரியும். மகன் வீட்டுக்கு வராத வருடங்கள் அவளுடைய கண்ணுக்கு முன்னால் வந்தன. ராஸ்மஸின் மடியில் வைத்த கைகளும் வந்தன. எதற்குக் கூடுதலாகப் பயப்படுவது என்று யோசிக்க அவளுக்கு நேரமிருக்கவில்லை.

"வராட்டிப் பரவாயில்லை" என்றாள். "நீ காலால நடந்து போனாலே எனக்குக் காணும். இப்ப கண்ணை மூடு."

அவனுக்கு விளங்கவில்லை. லோனேக்கு விளங்கியது, சொல் விளங்காவிட்டாலும் தாய் அவனுடைய கையைப் பிடித்த விதத்தில் விளங்கியது. அவள் குறுக்கே வந்து, சரி, ஒரு நிமிஷம், நான் எந்த விரலைத் தொடுகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லு, சரியாகச் சொன்னால் ஹெல்மெட்டை நானே வாங்கித் தருகிறேன் என்று அவனிடம் சொன்னாள். பெடியனின் தாயைச் சமாதானப்படுத்த அதுதான் சுலபமான வழி என்று அவள் நினைத்திருக்கலாம்.

ஸ்ரிபன் உடனே சம்மதித்தான். வாங்கில் தாய்க்குப் பக்கத்தில் இருந்து, இரண்டு கைகளையும் தொடையில் விரித்து வைத்து, கண்ணை மூடினான். லோனே வலது கைப் பெருவிரலைத் தொட்டாள். பெருவிரல், வலது என்றான். இடது கை நடுவிரலைத் தொட்டாள். நடுவிரல், இடது. அஜந்தினி பெருமூச்சு விட்டாள். லோனே பவளராணியைப் பார்த்து, போதுமா என்பதுபோலத் தலையசைத்தாள்.

பவளராணி அவனுடைய விரல்களைப் பார்க்கவில்லை. இமைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒளித்துப் பிடித்து விளையாடுகிற வயதிலேயே அவன் இமைக்கு அடியால் பார்ப்பான். எண்ணி முடிக்க முன்பே நேரே வந்து பிடிப்பான். எப்படியடா கண்டாய் என்று கேட்டால் இதே சிரிப்புத்தான் சிரிப்பான். பெற்றவளுக்கு அது தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். இமை முடிகள் நடுங்கின. அடியில் ஒரு நூல் கனத்துக்கு வெள்ளை தெரிந்தது.

அவள் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, இடது கையால் அவனுடைய கண்கள் இரண்டையும் பொத்தினாள். இறுக்கிப் பொத்தினாள். அவன் தலையை இழுக்கப் பார்த்தான், அவள் விடவில்லை.

"ஆடாதை. இப்ப சொல்லு."

லோனே அசையாமல் நின்றாள். பவளராணி வலது கையால் அவனுடைய சின்னிவிரலைப் பிடித்தாள். சூடான விரல். நகத்தை அடியில் கொடுத்து ஒரு கிள்ளுக் கிள்ளினாள். அவன் சத்தம் போடட்டும், கையை இழுக்கட்டும், தன்னை ஏசட்டும் என்று கடவுளைக் கும்பிட்டபடியே கிள்ளினாள். அவளுடைய வாழ்க்கையில் அப்படி ஒரு நேர்த்தி அவள் வைத்ததில்லை: என்ரை பிள்ளைக்கு நோகட்டும்.

கை தொடையில் கிடந்தது. அவள் இன்னும் இறுக்கினாள். நகம் தோலுக்குள் இறங்கியது. ஒரு சொட்டு இரத்தம் எழும்பி, உருண்டு, அவனுடைய வெள்ளைக் காற்சட்டையில் விழுந்தது.

அவன் பொறுமையில்லாமல் காலை ஆட்டினான். சீக்கிரம் தொடங்குங்கள், எல்லாரும் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று டேனிஷில் சொன்னான்.

சிரித்துக்கொண்டிருந்த பெடியன்கள் நிறுத்திவிட்டார்கள். லோனே மெதுவாக அவனுக்குப் பின்னால் போனாள். இரண்டு உள்ளங்கைகளையும் அவனுடைய காதுகளுக்குப் பக்கத்தில் வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை இல்லாத ஒரு மெல்லிய குரலில், ஸ்ரிபன், இனித் தலையை அசைக்காதே, ஆமென்றும் இல்லையென்றும்கூட அசைக்காதே, வாயால் மட்டும் சொல்லு என்றாள். ஆளைக் கிடத்தித் தூக்கும் பலகையைக் கொண்டுவரச் சொல்லிக் கண்ணாலேயே யாருக்கோ காட்டினாள். யாரோ ஓடினார்கள்.

தாயின் உள்ளங்கைக்கு அடியில் அவனுடைய இமைகள் படபடவென்று அடித்தன. பிறகு நின்றன. கால் ஆட்டுவதும் நின்றது.

"அம்மா" என்றான். சின்னக் குரல். தமிழைத் தேடித் தேடி எடுத்தான். "நீங்கள் கிள்ளிட்டீங்களோ?"

பவளராணியின் நகம் இன்னும் அவனுடைய விரலுக்குள் இருந்தது.